யார் கை படாத தீவு?

தென் பசிபிக் கடலில் ஓடும் சிறு உல்லாசக் கப்பல்களின் விளம்பரங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பல்லவிதான். நூறு, இருநூறு பிரயாணிகளுக்கு மேல் ஏற்றுவதில்லை. பெரிய கப்பல்கள் எட்டிப்பார்க்க முடியாத தீவுகளின் ஓரம்வரை போகும். அங்கிருந்து ரப்பர் படகில் ஏற்றி மணலில் இறக்கிவிடுவார்கள். தீவு மக்கள் பூமாலையோடும் கூத்தோடும் எதிர்கொண்டு அழைப்பார்கள். இரண்டு வாரப் பிரயாணத்துக்கு ஆளுக்குப் பல ஆயிரம் டாலர் கட்டணம். கை படாத தீவுகள், காலம் தொடாத மக்கள் என்பதுதான் இந்தச் சரக்கின்மேல் ஒட்டப்படும் சீட்டு.

கை படாத தீவுகளாம்! அந்தத் தீவுகளின்மேல் எத்தனை கைகள் பட்டன, எவ்வளவு பாரமாகப் பட்டன என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

இரவு ஷிப்ட் முடித்துப் பஞ்சுத் தூசியோடு வீடு திரும்பியவரும், நடவு முடித்துக் கரையேறியவரும், ‘உல்லாசக் கப்பலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பது நியாயமே. கப்பலின் மேல்தட்டோடு நமக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் அது நங்கூரம் போடும் கரையில் நிற்பவர்களோடும், அதன் அடித்தட்டில் விரிப்புத் துணி வெளுப்பவர்களோடும் நமக்கு நெருங்கிய உறவு உண்டு.

இத்தகைய கப்பல்கள் விரும்பிப் போகும் வனுவாட்டு என்ற நாட்டை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, எண்பதுக்குச் சற்று மேற்பட்ட தீவுகள். 2020-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மொத்த ஜனத்தொகை சுமார் 3 லட்சம். கோயமுத்தூர் நகரத்தில் வசிப்பவர்களில் ஒரு பகுதிதான். ஆனால் அவர்களுக்குள் வழங்கும் மொழிகளோ நூற்றுக்கு மேல்! 1774-ல் அந்தப் பக்கம் வந்த காப்டன் குக், மக்களிடம் கேட்காமலே நியூ ஹெப்ரிடிஸ் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்.

முதலில் வந்தது சந்தனக் கப்பல். எரொமங்கோ தீவில் சந்தன மரம் இருப்பது 1825-ல் தெரிந்தது. அதைச் சீனாவில் விற்றுக் காசாக்க வெள்ளை வியாபாரிகள் முண்டியடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். மரத்தை ஏற்றிக்கொண்டு போனவர்கள் நோயை இறக்கிவிட்டுப் போனார்கள். 1861-ல் தட்டம்மை கண்டு மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த அந்தத் தீவில் 1930-களில் எஞ்சியிருந்தவர்கள் சில நூறு பேர்தான்.

அடுத்து வந்தது ஆள் கப்பல். இந்தக் கதை பஞ்சில் ஆரம்பிக்கிறது. மில் தொழிலாளர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கே நீக்ரோ அடிமைகளின் உழைப்பில் விளைந்த பஞ்சு லங்காஷயர் மில்களுக்கு வருவது தடைப்பட்டது. பஞ்சு விலை வானத்துக்கு ஏறியது. அந்த லாபத்தில் கைநனைக்க ஆசைப்பட்ட ராபர்ட் டவுன்ஸ் என்னும் சிட்னி முதலாளி ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பருத்தித் தோட்டம் போட்டான். தோட்டம் போட்டவனுக்கு மலிவான ஆள் வேண்டாமா? 1863 ஆகஸ்டில் ‘டான் ஜுவான்’ என்ற கப்பல் 67 தீவுவாசிகளோடு பிரிஸ்பேன் வந்து சேர்ந்தது. அமெரிக்கப் போர் முடிந்ததும் பருத்தி மோகம் அடங்கிற்று, கரும்பு வந்தது. ஆள் கப்பல் மட்டும் நிற்கவில்லை. 1904 வரையில் எழுதப்பட்ட கூலி ஒப்பந்தங்கள் ஏறத்தாழ 62,000. பெரும்பாலோர் இந்தத் தீவுகளிலிருந்தும், பக்கத்துச் சாலமன் தீவுகளிலிருந்தும் போனவர்கள். டவுன்ஸின் பெயரால் டவுன்ஸ்வில் என்று ஒரு நகரம் இன்றும் இருக்கிறது. கரும்பு வெட்டியவர்கள் பெயரால் எந்த நகரம் இருக்கிறது?

ஒப்பந்தம் என்றால் என்ன ஒப்பந்தம்? எழுதப் படிக்கத் தெரியாதவனின் கைநாட்டு. மூன்று வருஷ வேலை. வருஷத்துக்கு ஆறு பவுன். மனமொப்பிப் போனவர்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கோடாலியும் துப்பாக்கியும் வாங்கி வரலாம், வெளியுலகம் பார்க்கலாம் என்று போனவர்கள் உண்டு. ஒருமுறை போய்த் திரும்பி, மறுமுறை போனவர்களும் உண்டு. ஆனால் ஆரம்ப வருஷங்களில் நடந்தது பச்சையான ஆள்பிடி. 1871-ல் ‘கார்ல்’ என்ற கப்பலின் ஆட்கள், வியாபாரம் பேச வந்த தோணிகளின்மேல் இரும்புக் கட்டிகளைப் போட்டுக் கவிழ்த்தார்கள். தண்ணீரில் தத்தளித்தவர்களைப் பிடித்து அடித்தட்டில் அடைத்தார்கள். அடைபட்டவர்கள் எதிர்த்துக் கிளம்பியபோது மேலிருந்தபடியே சுட்டார்கள். பிணங்களோடு சேர்த்துக் காயம்பட்டவர்களையும் கடலில் தள்ளினார்கள்.

குவீன்ஸ்லாந்துத் தோட்டங்களில் மாண்டவர்கள் ஏறத்தாழ 15,000 பேர் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். செத்தவனின் பாக்கிக் கூலியில் பெரும் பகுதி அவன் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. சர்க்கார் கஜானாவுக்குள் போயிற்று. பிறகு, ஆஸ்திரேலியா வெள்ளையருக்கே என்ற கோஷம் எழுந்தது. 1901-ல் சட்டம் செய்து, 1906 முதல், இருந்தவர்களையும் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். கரும்பு வளர்ந்துவிட்டதல்லவா, இனி ஆள் எதற்கு!

அதே கடலில் இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் பிஜித் தீவு. அங்கேயும் முதலில் இந்தத் தீவு மக்களைத்தான் கொண்டுபோய்த் தோட்டங்களில் இறக்கினார்கள். போதவில்லை என்றதும் 1879 முதல் 1916 வரை இந்தியாவிலிருந்து 60,000 பேருக்கு மேல் ஏற்றிப்போனார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல் புறப்பட்டது. வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து போனவர்கள் ஏராளம். அங்கே கரும்புத் தோட்டத்தில் நைந்துபோன நம் பெண்களுக்காகப் பாரதி பாடியது வாசகர்கள் அறிந்ததே. வனுவாட்டுக்காரனும் வட ஆற்காட்டுக்காரனும் ஒரே கரும்பை வெட்டியவர்கள்.

1906-ல் பிரிட்டனும் பிரான்சும் இந்தத் தீவுகளைக் கூட்டாக ஆள்வது என்று உடன்பாடு செய்துகொண்டன. அதைப்போன்ற கேலிக்கூத்து உலகில் வேறெங்கும் நடந்திராது. பிரிட்டிஷ் போலீஸ் ஒன்று, பிரெஞ்சுப் போலீஸ் ஒன்று. சிறை இரண்டு, சட்டம் இரண்டு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு கோர்ட்டு. அதன் தலைவரை நியமிக்கும் உரிமையோ ஸ்பெயின் தேசத்து ராஜாவுக்கு! தீவின் சொந்த மக்கள் மட்டும் எந்த தேசத்தின் பிரஜையும் அல்ல. சொந்த மண்ணில் நாடற்றவர்கள். இந்தக் கூத்தின் மறைவில் நல்ல நிலமெல்லாம் தென்னந்தோப்பாகித் தோட்டக் கம்பெனிகளின் பெயரில் ஏறிற்று. தீவு மக்கள் தோப்பில் அடிமாட்டுக் கூலிக்கு வர மறுத்தபோது, பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் வியட்நாமிலிருந்து கூலிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

இனி, பிரயாணிகள் காசு கொடுத்துப் பார்க்க வரும் காட்சிக்கு வருவோம்.

பெந்தெகொஸ்தே என்றொரு தீவு. 1768-ல் பெந்தெகொஸ்தே திருநாளன்று ஒரு பிரெஞ்சு மாலுமியின் கண்ணில் பட்டதால் அந்தப் பெயர். தீவின் தென் பகுதியில் வருஷந்தோறும் நகோல் என்ற விழா நடக்கிறது. காட்டு மரங்களை வெட்டி, ஆணி ஒன்றுகூட அடிக்காமல், கொடிகளால் வரிந்து கட்டி இருபது முப்பது மீட்டர் உயரத்துக்குக் கோபுரம் எழுப்புகிறார்கள். இரண்டு கணுக்காலிலும் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு, உச்சியிலிருந்து ஆண்கள் தலைகீழாகக் குதிக்கிறார்கள். தலைமுடி மண்ணை உரசுகிற தருணத்தில் கொடி இழுத்துப் பிடிக்கிறது. மண்ணை உரசினால் வரும் போகத்தில் வள்ளிக்கிழங்கு செழிக்கும் என்பது நம்பிக்கை. சின்னப் பையன்கள் கீழ்ப்பரணிலிருந்து குதித்துப் பழகுகிறார்கள். அடியில் பெண்களும் ஆண்களும் பாடி ஆடித் தைரியம் கொடுக்கிறார்கள். கதைப்படி முதலில் குதித்தவள் ஒரு பெண்தானாம். கொடுமைக்காரப் புருஷனுக்குத் தப்பி ஆலமரத்தின்மேல் ஏறியவள், காலில் கொடியைக் கட்டிக்கொண்டு குதித்துப் பிழைத்தாள். கொடியில்லாமல் பின்னால் குதித்த புருஷன் செத்தான். இன்று பெண்கள் அந்தக் கோபுரத்தின் பக்கம் போகக்கூடாது என்று விலக்கு! உலகம் முழுவதும் ஆண்களின் நியாயம் ஒரே அச்சில் வார்த்ததுதான் போலும்.

இதில் உயிர் கொடியில் இருக்கிறது. குதிப்பவனின் எடைக்கும் பரணின் உயரத்துக்கும் ஏற்றபடி கொடியைத் தேர்ந்தெடுப்பது அனுபவசாலியான பெரியவரின் வேலை. மழைக்காலம் ஓய்ந்து, சாறு ஏறி, கொடி இழுபடும் பதத்தில் இருக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரையில்தான் பருவம். விதைப்புக்கும் அறுப்புக்கும் பருவம் பார்க்கிற நம் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1974-ல் இங்கிலாந்தின் எலிசபெத் ராணி அந்தக் கரைக்கு வந்தார். ராணிக்குக் காட்சி காட்ட வேண்டும் என்று காலனி அதிகாரிகள் விரும்பினார்கள். பருவமோ பருவமல்ல, கொடி பதமாகவில்லை. ராணியின் பிரயாணத் திட்டம் கொடிக்காகக் காத்திருக்குமா? காத்திருக்கவில்லை. கோபுரம் எழும்பியது, குதித்தார்கள். ஒருவருக்குக் கொடி அறுந்தது. முதுகெலும்பு முறிந்து, பிறகு ஆஸ்பத்திரியில் உயிர்விட்டார்.

நம் ஊர்ப் பண்ணையார் வீட்டு விசேஷத்துக்கு, காய்ச்சலில் கிடந்தவனையும் எழுப்பிக்கொண்டு போய்ப் பறை அடிக்க வைத்த காலம் நினைவுக்கு வருகிறதா? அடித்தவனுக்கு அந்தப் பறையின்மேல் பாசம் இல்லாமலா இருந்தது? அவன் கலை அது, அவன் அப்பன் பாட்டன் சொத்து அது. எப்போது அடிப்பது, யாருக்காக அடிப்பது என்று சொல்லும் உரிமை மட்டும் அவனிடம் இல்லை. ஏன் இல்லை? நின்ற இடம் அவனுடையதல்ல. குடியிருந்த மனை அவனுடையதல்ல.

அதனால்தான் 1980 ஜூலை 30-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். அன்று இரண்டு கொடிகளும் இறங்கின. வனுவாட்டு சுதந்திர நாடாயிற்று. முதல் பிரதம மந்திரி வால்டர் லினி, பெந்தெகொஸ்தே தீவில் பிறந்த ஒரு பாதிரியார். புதிய அரசியல் சட்டத்தின் 73-வது ஷரத்து ஒரே வாக்கியம். நாட்டின் நிலம் முழுவதும் பரம்பரை உரிமையுள்ள சுதேச மக்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் சொந்தம் என்பது அதன் சாரம். வெள்ளைத் தோட்டக்காரர்களின் சாசுவதப் பட்டாக்கள் செல்லாமற் போயின. இருக்க விரும்பியவர்கள் நிலத்துக்கு உரியவர்களிடம் போய்க் குத்தகை பேச வேண்டியதாயிற்று. உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நாய்க்குட்டியின் பேரிலும் பூனைக்குட்டியின் பேரிலும் நிலத்தை எழுதிவைத்துத் தப்பிய பிரபுக்களைப் பற்றிக் கேட்டுப் பழகிய நமக்கு, ஒரு சின்னஞ்சிறு நாடு ஒரே ஷரத்தில் இதைச் செய்தது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

நிலம் கைக்கு வந்ததும் ஆட்டமும் கைக்கு வந்தது. தங்கள் சடங்குகளை அந்நிய வியாபாரக் காமிராக்கள் படம்பிடிக்க 2006-ல் அந்நாட்டுக் கலாசார நிலையம் தடை விதித்தது. இன்று நகோல் பார்க்க வரும் கப்பல்தான் கொடியின் பருவத்துக்கு ஏற்பத் தன் அட்டவணையைப் போட்டுக்கொள்கிறது. பார்ப்பதற்குக் கிராமத்துக்குக் கட்டணம் கட்டுகிறது. அந்தப் பணத்தை யார் வாங்குவது, எப்படிப் பங்கிடுவது என்பதில் ஊருக்கு ஊர் பூசல் நடந்திருக்கிறது. பணம் நுழைந்த இடத்தில் பூசலும் நுழையும். அவர்கள் தேவர்கள் அல்ல, நம்மைப்போன்ற மனிதர்கள்.

இன்னொரு சம்பவமும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றுக்கு அஞ்சி வனுவாட்டு தன் எல்லையை மூடிற்று. 2022 ஜூலை வரை ஒரு உல்லாசப் பிரயாணியும் வரவில்லை. மூடிய சில வாரங்களிலேயே, ஏப்ரலில், ஹரால்ட் என்ற பெரும்புயல் பெந்தெகொஸ்தே தீவைச் சூறையாடியது; வீடுகள் போயின, கொல்லைகள் நாசமாயின. ஓட்டல் வேலையை மட்டுமே நம்பித் தலைநகரில் இருந்தவர்கள் திண்டாடினார்கள். பலர் கிராமத்துக்குத் திரும்பினார்கள். கிராமத்தில் இருந்தவர்கள் கொல்லையை மறுபடி கொத்தினார்கள். வள்ளியும் சேம்பும் நட்டார்கள். கப்பல் வராமல் இரண்டு வருஷத்துக்கு மேல் அவர்களால் தாக்குப்பிடிக்க முடிந்தது. நம் சுற்றுலா ஊர்களில் சீசன் ஒரு மாதம் தவறினால் என்ன நடக்கிறது என்பதை ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குத் துணி துவைக்கும் தொழிலாளியிடம் கேட்டுப்பாருங்கள்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. வெளியே போன கை, குத்தகை என்ற ஜன்னல் வழியாக மறுபடி உள்ளே நீண்டது. அங்கே குத்தகைக் காலம் 75 வருஷம் வரை எழுதலாம். பாட்டன் கையெழுத்திட்டால் பேரன் முடியுமுன் செத்துப்போவான். தலைநகர் இருக்கும் எஃபாத்தே தீவின் கடற்கரையில் பெரும் பகுதி இப்படி அந்நியருக்குப் போய்விட்டது. நிலத்துக்கு யார் உரியவர் என்பதில் தகராறு இருந்தால், மந்திரியே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடலாம் என்றிருந்த ஓட்டையை 2014-ல்தான் அடைத்தார்கள்.

ஆள் கப்பலும் வேறு உருவத்தில் திரும்பியிருக்கிறது. இப்போது விமானம். நியூஸிலாந்து 2007 முதலும், ஆஸ்திரேலியா அடுத்த வருஷத்திலிருந்தும் பழம் பறிக்கவும் கொடி நறுக்கவும் தீவு மக்களைப் பருவகாலக் கூலிகளாக வரவழைக்கின்றன. மிகுதியாகப் போகிறவர்கள் வனுவாட்டுக்காரர்கள். அடிமைத்தனம் என்று இதைச் சொல்லமாட்டோம். அனுப்பும் பணத்தில் சிமெண்டு வீடு எழும்புகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. அவனிடம் சண்டை போட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். வாடகை, வண்டிச் சத்தம் என்று கூலியில் பிடித்தம் வேறு. கிராமத்தில் கொல்லை கொத்த வாலிபர் இல்லை. உல்லாசப் பிரயாணி ‘காலம் தொடாத’ கிராமத்தில் இறங்கிப் படம் எடுக்கும் அதே காலையில், அந்த வீட்டு மகன் ஆஸ்திரேலியாவில் அந்தப் பிரயாணியின் மேஜைக்குப் பழம் பறித்துக்கொண்டிருக்கிறான்.

கப்பலுக்குள்ளும் ஒரு முறை இறங்கிப் பார்ப்போம். உல்லாசக் கப்பல்களின் சமையல்கட்டிலும் சலவைக் கூடத்திலும் இயந்திர அறையிலும் வேலை செய்வோரில் பிலிப்பைன்ஸ்காரர், இந்தோனேசியர், நம் நாட்டவர் மிகுதி. முதலாளி ஒரு தேசம். கப்பலில் பறக்கும் கொடியோ, வரியும் சட்டமும் இலகுவான இன்னொரு தேசம். பஹாமா, பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் என்று. வனுவாட்டுவும் இப்படிக் கொடியை வாடகைக்கு விடும் நாடுகளில் ஒன்று என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 2006-ல் நிறைவேறி 2013-ல் அமலுக்கு வந்த சர்வதேசக் கடல் தொழிலாளர் ஒப்பந்தம், எட்டு மணி நேர வேலையைத்தான் பொது அளவாக ஏற்கிறது. ஆனால் உச்சவரம்பு வைக்கும் இடத்தில் இரண்டு வழி திறந்திருக்கிறது. வாரத்தில் 72 மணிக்கு மேல் வேலை கூடாது என்று வைக்கலாம். அல்லது வாரத்தில் 77 மணி நேரம் ஓய்வு கொடுத்தால் போதும் என்று வைக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி. ஓய்வு 77 போக மிச்சம் 91. எட்டு மணி நேர வேலைக்காகச் சங்கம் கட்டி, அடிபட்டு, சிறை சென்ற மில் தொழிலாளிக்கு அந்த 91-ன் பொருள் தெரியும். அவன் ஓய்வெடுக்கும் அறையில் ஜன்னலும் இராது. எந்தத் தீவைக் கப்பல் தொட்டது என்பதே தெரியாமல் விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பான்.

ஊர் பார்ப்பது தவறென்று நாம் சொல்லவில்லை. மணலில் ஒரே விரலால், எடுக்காமல் இழுக்காமல், சுற்றிச் சுற்றி ஒரே கோடாக அந்த மக்கள் வரையும் சித்திரம், நம் பெண்கள் வாசலில் போடும் சிக்குக் கோலத்துக்கு அக்காள் தங்கை. வெவ்வேறு மொழிக்காரர்கள் அதில் கதையும் சேதியும் சொல்லிக்கொண்டார்கள். பாங்ஸ் தீவுப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் அறைந்து தாளம் எழுப்புகிறார்கள். இதையெல்லாம் நம் தொழிலாளி பார்க்க வேண்டும், அவன் பிள்ளைகளும் பார்க்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறோம்.

கரையில் இறங்கும் பிரயாணி காதில் விழும் பேச்சு பிஸ்லாமா. ஆதிகாலத்து மொழி என்று நினைத்துக்கொள்வான். அது கப்பல்களிலும் குவீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டத்துக் கொட்டடிகளிலும் வளர்ந்த மொழி. ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாத கூலிகள், கங்காணியின் இங்கிலீஷை உடைத்துத் தங்களுக்கென்று செய்துகொண்டது. அதில் ‘மீஃபலா’ என்றால் நாங்கள். ‘யூமி’ என்றால் நாம். இங்கிலீஷ்காரனுக்கு இல்லாத இந்த வித்தியாசம் தமிழனுக்கு உண்டு. அந்தக் கூலிகளுக்கும் உண்டு. சுதந்திர வனுவாட்டு தன் தேசிய கீதத்துக்கு வைத்த பெயரே ‘யூமி, யூமி, யூமி’ என்பது. கரையில் அது ஒலிக்கும்போது, சற்றுத் தூரத்தில் நிற்கும் கப்பலின் அடித்தட்டில், மணிலாக்காரரும் ஜாவாக்காரரும் கோவாக்காரரும், மேஸ்திரியின் இங்கிலீஷை அதே மாதிரி உடைத்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டு, ஈர விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருக்கிறார்கள்.